பெல்லோஸா, ஹோல்டரா? பெரிய வடிவக் கேமராவில் லைட் லீக்கைத் தேடும் வழிகள்: ஓர் ஒப்பீடு

அண்மையில் இருவர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில் மரத்தாலான 4×5 அங்குல ஃபீல்டு கேமராவை வாங்கியவர். வாங்கிய நாள் முதல் அவருடைய ஒவ்வொரு நெகட்டிவிலும் ஒரு மூலையில் கருமை படர்ந்திருக்கிறது. மற்றவருக்குக் கானாடுகாத்தான் பக்கம் பூர்வீக வீடு. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டு விற்றுவிடுவதற்கு முன் முகப்பு, வளவு, பட்டாலை என அந்தச் செட்டிநாட்டு வீட்டின் பகுதிகளைப் பெரிய நெகட்டிவில் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று நினைக்கிறார். அவருடைய பெட்டியில் மீதமிருப்பது பதினொரு தாள் ஃபிலிம். கேமராவுக்குள் வேண்டாத ஒளி புகும் கசிவை, அதாவது லைட் லீக்கைக் கண்டுபிடிக்க டார்ச்சை உள்ளே வைத்துப் பார்ப்பதா, போட்டோ காகிதத்தை வைத்துச் சோதிப்பதா, அல்லது ஃபிலிமையே செலவழிப்பதா என்பதுதான் இருவருடைய தயக்கமும். இரண்டாமவருக்குத் தவறினால் மறுபடி எடுக்க வீடு இருக்காது என்பதால் இந்தக் கேள்வியைச் சிறிய கேள்வியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

செட்டிநாட்டு வீடுகளுக்குள் படம் எடுக்கும்போது கசிவு ஏன் இத்தனை துன்பம் தருகிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். கசிவால் ஃபிலிமில் விழும் கருமை இரண்டு அளவுகளைப் பொறுத்தது: ஃபிலிமைத் தாங்கும் ஹோல்டரின் மூடுதகடான டார்க் ஸ்லைடு எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறது, அந்த நேரத்தில் கேமராவின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது. முற்றத்தின் ஓரத்தில் முக்காலியை நிறுத்தி, தாழ்வாரத்தின் தேக்குத் தூண் வரிசையைத் தாண்டி இருண்ட அறை வாசலை எஃப் 32 என்ற சிறிய லென்ஸ் திறப்பில் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒளி மீட்டர் ஒரு நிமிடம் என்று காட்டினால், நீண்ட நேர ஒளிபதிவில் ஃபிலிமின் உணர்திறன் குறைவதை ஈடுகட்ட, எச்.பி.5 பிளஸ் என்ற கருப்பு வெள்ளை ஃபிலிமுக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த மூன்றரை நிமிடமும், லென்ஸையும் கேமராவின் பின்பக்கத்தையும் இணைக்கும் மடிப்பு உறையான பெல்லோஸின் மேல் திறந்த முற்றத்து வெயில் நேராக இறங்குகிறது. திண்ணையில் நின்று தெருவை நூறில் ஒரு நொடியில் எடுத்தபோது தெரியவே தெரியாத ஊசித்துளை, இங்கே நெகட்டிவின் குறுக்கே ஒரு பட்டையாக வந்து நிற்கும். ஆகவே "வெளியே எடுத்த படங்கள் நன்றாகத்தானே இருக்கின்றன" என்பதை வைத்துக் கேமராவைக் குறையற்றது என்று கொள்ள முடியாது.

## எவற்றை வைத்து ஒப்பிடுகிறேன்

முதன்மையான அளவுகோல், ஒரு சோதனை கேமராவின் எந்தப் பகுதியைப் பார்க்கிறது என்பது. பெல்லோஸ், லென்ஸைத் தாங்கும் பலகையான லென்ஸ் போர்டு, ஷட்டர் ஆகியவை ஒரு பக்கம். ஃபிலிம் ஹோல்டரும் அது கேமராவின் பின்பக்கத்தில் அமரும் பொருத்தும் மறுபக்கம். இரண்டாவது, எவ்வளவு நுண்ணிய கசிவை அது காட்டும் என்பது. மூன்றாவது, கசிவு இருக்கிறது என்று மட்டும் சொல்கிறதா, இருக்கும் இடத்தையும் சொல்கிறதா என்பது. நான்காவது செலவு, இதில் ஃபிலிம் விலையோடு நாள், உழைப்பு, சோதனையின்போது கேமராவுக்கு நேரக்கூடிய கேடு ஆகியவற்றையும் சேர்க்கிறேன். கடைசியாக, அந்தச் சோதனை எப்போது பொய் சொல்லும் என்பதைப் பார்க்கிறேன். ஐந்தாவதைத்தான் பெரும்பாலோர் கணக்கில் எடுப்பதில்லை.

| வழி | பார்க்கும் பகுதி | நுண்மை | இடம் தெரியுமா | செலவு |
|---|---|---|---|---|
| இருட்டறையில் உள்ளே டார்ச் | பெல்லோஸ், லென்ஸ் போர்டு, ஷட்டர் | நடுத்தரம் | நன்றாகத் தெரியும் | ஒரு மாலை நேரம் |
| வெயிலில் கேமராவுக்குள் கண் | அதே பகுதிகள் | மிகுதி | நன்றாகத் தெரியும் | அரை மணி நேரம், வெயிலின் வாட்டம் |
| போட்டோ காகிதம் | ஹோல்டர் உட்பட எல்லாம் | நேரம் கொடுத்தால் போதுமானது | பாதி தெரியும் | சில காகிதத் துண்டுகள், சிவப்பு விளக்கு |
| ஃபிலிம் | ஹோல்டர் உட்பட எல்லாம் | மிக மிகுதி | பாதி தெரியும் | நான்கு முதல் ஆறு தாள், முழு இருட்டு |

## எந்தச் சோதனைக்கும் முன்: கெட்டுப்போன நெகட்டிவ்

எதையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஏற்கெனவே பாழான நெகட்டிவ்களை வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைப் பாருங்கள். ஹோல்டரில் ஃபிலிமை இரு ஓரங்களிலும் பிடித்திருக்கும் மெல்லிய தடங்கள், அந்த ஓரங்களை நிழலிட்டு வைக்கின்றன. அதனால்தான் நெகட்டிவைச் சுற்றி ஒளிபடாத தெளிந்த கரை ஒன்று இருக்கிறது. பெல்லோஸ் வழியாகவோ லென்ஸ் போர்டின் இடுக்கு வழியாகவோ வந்த ஒளி அந்தத் தடங்களுக்கு முன்னால் இருந்து வருகிறது. ஆகவே கறை படத்துக்குள் மட்டும் இருக்கும், கரை தெளிவாகவே இருக்கும். கறை கரையையும் தாண்டி ஃபிலிமின் வெட்டு விளிம்பு வரை ஓடியிருந்தால், அது பெரும்பாலும் ஹோல்டரிலோ ஃபிலிமை இருட்டில் ஏற்றப் பயன்படுத்திய பையிலோ பெட்டியிலோ நேர்ந்தது. டார்க் ஸ்லைடை இழுக்கும் முனையிலிருந்து நாக்குப்போல நீளும் கருமை, அந்த வாயிலில் ஒளியைத் தடுக்கும் வெல்வெட் தேய்ந்துவிட்டதன் அடையாளம். எதிர்முனையில் என்றால், ஃபிலிம் ஏற்றும் மடிப்பு மூடியின் துணிக் கீல் வெடித்திருக்கக்கூடும்.

இதைச் செய்யாமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை எனக்கு இன்னும் வலிக்கிறது. தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில், தெய்வ உருவங்களும் கொடிவேலையும் செதுக்கிய நிலைக்கதவை நான்கு தாள்களில் எடுத்தேன். நான்கிலும் மேல் சட்டத்தின் குறுக்கே சாம்பல் பட்டை விழுந்தது. மூன்று வாரம் மாலை தோறும் டார்ச்சை வைத்துப் பெல்லோஸைத் துழாவி, இரண்டு துளைகளையும் கண்டுபிடித்து அடைத்தேன். சிக்கல் தீர்ந்தது என்று நம்பித் திரும்பிப் போய் எடுத்தபோது அதே பட்டை. கறை கரையைக் கடந்து விளிம்பு வரை ஓடியிருந்தது முதல் நெகட்டிவிலேயே தெரிந்திருக்க வேண்டியது. குற்றம் இரண்டு ஹோல்டர்களின் வெல்வெட்டில் இருந்தது. அதற்குள் கதவு விலைபோய்விட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு ஹோல்டரின் ஓரத் தடத்திலும் சிறு அரத்தால் ஒன்று, இரண்டு, மூன்று என வெட்டுக்குறி இட்டுவைத்தேன். அந்தக் குறி நெகட்டிவின் கரையில் பதிந்துவிடும். எந்த ஹோல்டரின் எந்தப் பக்கம் என்பது பிறகு கேள்வியாக இருப்பதில்லை. கறை சில எண்களில் மட்டும் வந்தால் ஹோல்டர். எல்லா எண்களிலும் ஒரே இடத்தில் வந்தால் கேமரா.

திசையைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். லென்ஸ் வழியாக வந்த காட்சி கேமராவுக்குள் தலைகீழாக விழுகிறது. கசிவின் ஒளி நேராகவே விழுகிறது. எனவே காட்சியில் வானம் இருக்கும் பக்கம் கறை விழுந்திருந்தால், அது கேமராவுக்குள் ஃபிலிமின் கீழ்ப்பகுதி. பெல்லோஸின் மேல் மடிப்புகளில் ஏதோ ஒன்றிலிருந்து கீழ்நோக்கி இறங்கிய கதிராக அது இருக்கும் வாய்ப்பு அதிகம். ஃபிலிம் முன்னோக்கி இருப்பதால், கேமராவுக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ இருக்கும் சூரியனின் கதிர்தான் துளை வழியாக அதை நேராகத் தொட முடியும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். கூர்மையான விளிம்போ ஓரிடத்தில் செறிவோ இல்லாமல் படம் முழுவதும் வெளுத்துச் சோர்ந்து தெரிந்தால், அது கசிவாக இல்லாமல், முற்றத்து வானம் லென்ஸில் பட்டுப் பெல்லோஸின் உட்சுவரில் சிதறிய ஒளியாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து லென்ஸுக்கு நிழல் பிடிப்பது. துளை தேடுவது வீண்.

## இருட்டறையில் டார்ச்

பின்பக்கத்தைக் கனமான அட்டையாலும் கருப்புத் துணியாலும் மூடி, உள்ளே சிறு எல்.இ.டி. விளக்கை வைத்து, வெளியே இருந்து துளைகளைத் தேடுவது எல்லோரும் முதலில் செய்வது. நம் பக்கத்து வீடுகளில் இதற்கு வசதி இருக்கிறது. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் சன்னல் இல்லாத உள்ளறை ஒன்றின் கதவைச் சாத்தினால் பகலிலும் நல்ல இருட்டு கிடைக்கும். கண் முழுமையாக இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். இரண்டு நிமிடத்தில் "ஒன்றும் தெரியவில்லை" என்று எழுந்துவிடுபவர்களே மிகுதி.

பெல்லோஸை முழு நீளத்துக்கு இழுத்து ஒரு முறையும், பாதி மடித்து ஒரு முறையும், லென்ஸை உயர்த்திச் சாய்த்து ஒரு முறையும் பார்க்க வேண்டும். துளைகள் பெரும்பாலும் மடிப்புகளின் மூலைகளில் வருகின்றன. அங்கேதான் தோலோ துணியோ ஒவ்வொரு முறையும் இரு திசைகளில் மடிந்து தேய்கிறது. நெடுநாள் அலமாரியில் கிடந்த கேமராவில் மாவுப் பசையைத் தேடி இராமபாணப் பூச்சி அரித்த இடங்களும் இருக்கும். அவை மூலையில் இல்லாமல் மடிப்பின் நடுவில் கிடக்கும்.

இதன் பலம், இடத்தைக் கையால் தொட்டுக் காட்டுவது. சாக்குக்கட்டியால் உடனே குறி வைத்துக்கொள்ளலாம். பலவீனம், துளைக்குத் திசை உண்டு என்பது. மடிப்புக்குள் சாய்வாக இருக்கும் துளை நீங்கள் பார்க்கும் கோணத்துக்கு ஒளியை அனுப்பாமல் போகலாம். டார்ச்சின் ஒளி வெயிலோடு ஒப்பிடத்தக்கதும் அன்று. நைந்துபோன துணி முழுவதுமாக மெல்லக் கசிவதை அது காட்டாது. ஹோல்டரைப் பற்றி இது எதுவும் சொல்லாது என்பதை என் கதையே காட்டுகிறது.

கறை படத்துக்குள் மட்டும் இருக்கிறது, நெடுநேர வெயிலில் நிற்க உடல்நிலை இடம் தராது, உதவிக்கு ஆள் இல்லை என்ற நிலையில் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

## வெயிலில் கேமராவுக்குள் கண்

என் விருப்பம் இதுதான். செட்டிநாட்டு வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை என்றே கருதுகிறேன். லென்ஸை மூடியால் மூடி, ஷட்டரையும் சாத்தி, காட்சியைக் குவித்துப் பார்க்கும் மங்கிய கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸ் உள்ள பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு, தலையையும் கேமராவின் பின்புறத்தையும் சேர்த்து இரண்டு மடிப்புக் கருப்புத் துணியால் இறுக்கிப் போர்த்திக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். பத்து நிமிடம் பொறுத்தால் துளைகள் விண்மீன்போல ஒவ்வொன்றாகத் தெரியும். டார்ச் காட்டாத தேய்மானம்கூட இங்கே மங்கிய சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒளிரும், ஏனென்றால் வெளியே இருப்பது சூரியன். லென்ஸ் போர்டின் நான்கு ஓரங்களும் ஷட்டரின் இதழ்களும் நேர் எதிரே இருப்பதால் அவற்றையும் ஒரே பார்வையில் சோதித்துவிடலாம். ஷட்டரைப் பார்க்க மூடியை எடுக்கும்போது மட்டும் கேமராவைச் சூரியனுக்கு நேராகத் திருப்பாமல், வெளுத்த சுவரை நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள். ஷட்டர் தவறித் திறந்துகொண்டால் குவிந்த சூரியன் கண்ணில் விழும்.

கேமராவை முதலில் சூரியனை நோக்கியும், பிறகு இடமும் வலமுமாகவும் திருப்பிப் பார்க்க வேண்டும். வெளியே ஒருவர் நின்று பெல்லோஸின் ஒவ்வொரு பக்கத்தையும் அட்டையால் மறைத்துக் காட்டினால், எந்த மடிப்பு என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு வெப்பம். சித்திரை, வைகாசி வெயிலில் கருப்புத் துணிக்குள் கால் மணி நேரம் என்பது உடலுக்குச் சுமை. பழைய பெல்லோஸின் பசை இளகி மடிப்புகள் கழன்றுகொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு முன் செய்துவிடுங்கள். சாய்ந்த கதிர் பக்கவாட்டு மடிப்புகளுக்கு நல்லதே. இன்னொரு குறை, பின்பக்கத்தைக் கழற்றிவிட்டதால் அந்தப் பொருத்தையும் ஹோல்டரையும் இதுவும் பார்ப்பதில்லை. டார்ச்சைப் போலவே இது பாதிக் கேமராவுக்கான சோதனைதான். அந்தப் பாதியை மிகச் சிறப்பாகச் செய்கிறது.

## போட்டோ காகிதம்

இருட்டறைக் காகிதத்தை ஹோல்டரில் ஃபிலிம்போல ஏற்றி, லென்ஸை மூடி, டார்க் ஸ்லைடை இழுத்துவிட்டுக் கேமராவை வெயிலில் நிறுத்திவைத்து, பிறகு டெவலப் செய்து பார்க்கும் முறை இது. சிவப்பு விளக்கில் கையாளலாம், இரண்டு நிமிடத்துக்குள் முடிவு தெரியும், குளியலறையே போதும், ஒரு தாளின் செலவு ஃபிலிமைவிடப் பல மடங்கு குறைவு. வெட்டும்போது சரியாக 4×5 அங்குலம் வெட்டினால் ஹோல்டருக்குள் போகாது. தாள் ஃபிலிம் அந்த அளவைவிட ஒவ்வொரு பக்கமும் சற்றே சிறியது என்பதால் ஒன்றரை மில்லிமீட்டர் அளவு குறைத்து வெட்டுங்கள். பின்புறத்தில் பென்சிலால் "மேல்" என்று எழுதிவிடுங்கள்.

காகிதத்தை நம்பி ஏமாறுவது இரண்டு காரணங்களால். முதலாவது வேகம். சாதாரணக் காகிதத்தின் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 6 என்று கொண்டால், 400 வேக ஃபிலிமோடு ஒப்பிட ஏறத்தாழ ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளியில் இரு மடங்கு வேறுபாடு) குறைவு. அதாவது அறுபது மடங்குக்கும் மேல். ஃபிலிமில் அரை நிமிடத்தில் தெரியும் கசிவு காகிதத்தில் தெரிய அரை மணி நேரம் வேண்டும். ஐந்து நிமிடம் வைத்துவிட்டு வெள்ளையாக வந்த காகிதத்தைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்களை நான் அறிவேன். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. இரண்டாவது நிறம். காகிதம் சிவப்பு ஒளியை உணராது. சிவப்புத் தோல் பெல்லோஸ் நைந்து அதன் வழியே சிவந்த ஒளி பரவினால், ஃபிலிம் அதைப் பதியும், காகிதம் சும்மா இருக்கும்.

இதன் பெரும் பலன் கண்ணோடு சேரும்போது கிடைக்கிறது. சூரியன் இருந்த திசையைக் குறித்துக்கொண்டு காகிதத்தை வெயிலில் வைத்து, கறை விழுந்த இடத்தை அளந்துகொள்ளுங்கள். அடுத்த நாள் அதே நேரத்தில், கேமராவை அதே நிலையில் நிறுத்தி, பின்பக்கத்தைக் கழற்றி, காகிதத்தில் கறை இருந்த அதே புள்ளியில் கண்ணை வைத்துச் சூரியன் பக்கம் பாருங்கள். அந்தக் கோட்டில் துளை இருந்தே தீரும். மணிக்கணக்கில் துழாவியும் அகப்படாத மடிப்புத் துளைகளை நான் இப்படித்தான் பிடித்தேன்.

எக்ஸ்ரே ஃபிலிமைப் பற்றியும் கேட்கிறார்கள். அதையும் சிவப்பு விளக்கில் கையாளலாம், காகிதத்தைவிட வேகமானது. பெரும்பாலும் இரு பக்கமும் மருந்து பூசப்பட்டிருப்பதால் தொட்டாலே கீறல் விழும். ஸ்கேன் நிலையங்கள் டிஜிட்டலுக்கு மாறிவிட்ட பிறகு கிடைப்பதும் அரிதாகிவிட்டது. கையில் இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்காகத் தேடி வாங்க வேண்டாம்.

## ஃபிலிம்

ஃபிலிம் சோதனைதான் கடைசித் தீர்ப்பு. ஆனால் ஒரே ஒரு தாளைக் கெடுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒவ்வொரு தாளும் ஒரு பகுதியை மட்டும் விலக்கிக் காட்ட வேண்டும். முதல் தாளைப் பெட்டியிலிருந்து எடுத்து நேரே டெவலப் செய்துவிடுங்கள். பெட்டியும் ஏற்றும் பையும் டெவலப் செய்யும் இருட்டும் குறையற்றவையா என்பதை அது சொல்லும். இரண்டாவதை ஹோல்டரில் ஏற்றி, ஸ்லைடு மூடியபடியே, கேமராவில் வைக்காமல் ஐந்து நிமிடம் வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டுங்கள். மூன்றாவதைக் கேமராவில் வைத்து, பெல்லோஸ் முழுவதையும் கருப்புத் துணியால் சுற்றி, லென்ஸை மூடி, ஸ்லைடை இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் வையுங்கள். நான்காவதை அதேபோல, துணி இல்லாமல். இரண்டாவதில் கறை என்றால் ஹோல்டர். மூன்றாவதில் முதலில் தோன்றினால் பின்பக்கப் பொருத்தோ ஸ்லைடின் வாயிலோ. நான்காவதில் மட்டும் என்றால் துணி மறைத்திருந்த பெல்லோஸ் அல்லது அதன் அருகிலுள்ள இடுக்கு. ஷட்டரில் ஐயம் இருந்தால் ஐந்தாவது தாளில் மூடியை மட்டும் எடுத்துவிட்டுச் சோதிக்கலாம்.

முதல் தாளை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அது இல்லாமல் மற்ற மூன்றும் எதையும் உறுதியாகச் சொல்லாது.

செலவு என்பது தாள்களின் விலை மட்டுமன்று. தாமே டெவலப் செய்யாதவர்கள் வெளியூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அடைத்துவிட்டு மறுபடி சோதித்தால் மறுபடியும் காத்திருப்பு. இடத்தைக் காட்டுவதிலும் இது காகிதத்தைவிட மேலானது இல்லை. ஆனால் சிவந்த ஒளியையும் மெல்லிய கசிவையும் விடாது பதிவதால், திரும்ப எடுக்க முடியாத வேலைக்குப் புறப்படும் முன் இதற்கு மாற்று இல்லை.

## கேட்ட இருவருக்கும்

பழம்பொருள் கடைக் கேமரா வைத்திருப்பவருக்கு நாள் இருக்கிறது, அவசரம் இல்லை. கரை தெளிவாக இருக்கிறது என்று அவர் சொல்கிறார். ஆகவே கேமராவின் பக்கம்தான் குற்றம். காலை வெயிலில் கண்ணால் பார்த்துவிட்டு, துளை அகப்படாவிட்டால் காகிதத்துக்குப் போகட்டும். மூன்று நான்கு துளைகள் என்றால் மெல்லிய தோல் துண்டை உட்புறம் ஒட்டி அடைக்கலாம். கருப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் ஒட்ட வேண்டாம், நம் வெயிலில் அதன் பசை இளகி அடுத்த மடிப்போடு ஒட்டிக்கொண்டு பெல்லோஸையே கிழிக்கும். மூலைகள் எல்லாம் விண்மீன்களாகத் தெரிந்தால் அடைப்பதை விட்டுப் புதிய பெல்லோஸுக்குப் பணம் சேர்ப்பதே சிக்கனம். ஒரு மூலையை அடைக்க, அடுத்த மூலை மடிப்பில் வெடிக்கும்.

பூர்வீக வீட்டுக்காரருக்கு என் பதில் வேறு. பதினொரு தாளில் நான்கை அவர் சோதனைக்கே கொடுத்துவிட வேண்டும். அதற்கு முன் வெயிலில் கண்ணால் ஒரு காலையும், ஹோல்டர்களுக்குக் காகிதத்தில் ஒரு மாலையும் செலவிடட்டும். கண்ணில் பட்டதை அடைத்த பிறகுதான் ஃபிலிம். பெல்லோஸை வளவில் எந்த நீளத்துக்கு இழுக்கப் போகிறாரோ அதே நீளத்தில், எத்தனை நிமிடம் ஸ்லைடு வெளியே இருக்கப் போகிறதோ அத்தனை நிமிடம் வைத்துச் சோதிக்க வேண்டும். மீதி ஏழு தாளை இரண்டு ஹோல்டர்களுக்கு மேல் பரப்ப வேண்டாம். சோதனையில் தேறிய ஹோல்டர்களை மட்டும் எடுத்துச் செல்லட்டும். படம் எடுக்கும்போது பெல்லோஸின் மேல் கருப்புத் துணியைப் போட்டுவிட்டு, முற்றத்து வெயில் தாழ்வாரத்தின் விளிம்புக்கு அப்பால் ஒதுங்கும் நேரம் வரை காத்திருந்து, ஸ்லைடை ஒரு மூலை முந்தாமல் நேராக இழுத்து, நேராகவே திரும்பச் செருகட்டும்.

நிலைக்கதவுக்குத்தான் முதல் தாள். பேரம் முடிந்ததும் வீட்டிலிருந்து முதலில் கழற்றப்படுவது அதுவாக இருக்கும்.